கவசத்துக்கேற்ற கருவி

"தெர்மாகோல்தானே அண்ணே, ரெண்டு சுரண்டு சுரண்டுனா ஸ்பீக்கர் கச்சிதமா உக்காந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே கடைத் தம்பி பிளேடை எடுத்தார். என் ஹெல்மெட் அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. கன்னத் திண்டுகள் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். ஓட்டும்போதே பின்னால் இருப்பவரோடும் கூட வரும் வண்டிக்காரரோடும் பேசப் புதிதாக வாங்கிய இன்டர்காமின் ஸ்பீக்கர் நான்கு சென்டிமீட்டர் அகலம். என் ஹெல்மெட்டின் காதுப் பகுதியில் அது உட்காரப் பள்ளமே இல்லை. வைத்து மூடினால் திண்டு எழும்பி நின்றது. பிளேடு தெர்மாகோலைத் தொடுவதற்குள் ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். பரவாயில்லை என்று வந்துவிட்டேன்.

அந்தத் தம்பியின்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் பூட்டுகிறவர். யாரும் அவருக்கு அந்த வெள்ளைத் தெர்மாகோல் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுத்ததில்லை. வாங்குகிற நமக்கும் யாரும் சொல்வதில்லை. எத்தனை கிலோமீட்டர் எட்டும், எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றுதான் விளம்பரங்கள் பேசுகின்றன. "உங்கள் ஹெல்மெட்டில் இது உட்காருமா?" என்ற முதல் கேள்வியை விளம்பரம் கேட்பதே இல்லை. செருப்புக்காகக் காலை வெட்டக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அந்த அறிவுரையைத் தலைக்குப் பொருத்திப் பார்க்கும் முயற்சி.

கவசம் எதற்காக இருக்கிறது

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் சென்று இறந்தவர்கள் 50,029 பேர். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஹெல்மெட்டில் எதையும் ஒட்ட வேண்டும், எதையும் கழற்ற வேண்டும்.

ஹெல்மெட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே கெட்டியான ஓடு. ஏபிஎஸ் பிளாஸ்டிக், பாலிகார்பனேட், கண்ணாடியிழை இவற்றில் ஏதோ ஒன்று. உள்ளே தலையைத் தொடும் துணியும் பஞ்சும். இவற்றுக்கு நடுவே இருப்பதுதான் அந்தத் தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வருவதும் இதே இனத்துப் பொருள்தான். ஆனால் இதன் அடர்த்தியும் தடிமனும் கணக்குப் போட்டு அமைத்தவை. தலை மோதும்போது ஓடு அடியைப் பரப்புகிறது. தெர்மாகோல் நசுங்கி அந்த விசையை விழுங்குகிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது. அதனால்தான் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறார்கள். அந்தத் தம்பி சுரண்ட நினைத்த இடம், காதுக்கு மேலும் முன்னும் உள்ள பகுதி. அந்த இடத்தில் மண்டையோட்டு எலும்பு மெல்லியது. அங்கே சுரண்டப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் நம் கணக்கிலிருந்து கழியும்.

இந்தியாவில் 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து, ஐஎஸ் 4151 தரத்துக்கு உட்பட்டு ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட்டை மட்டுமே விற்கலாம். அந்த முத்திரை, சோதனைக்குப் போன வடிவத்துக்கு அளிக்கப்பட்டது. துளை போட்டதற்கோ பள்ளம் தோண்டியதற்கோ அது பொருந்தாது. ஐரோப்பாவின் புதிய விதியான இசிஇ 22.06 இன்னும் ஒரு படி மேலே போய், ஹெல்மெட் நிறுவனமே தனக்கென்று விற்கும் துணைக்கருவியைப் பொருத்திய நிலையிலும் ஹெல்மெட்டைச் சோதிக்கச் சொல்கிறது. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் ஒரு பெட்டி, கீழே விழும்போது தரையில் மாட்டித் தலையைத் திருப்பிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

ஆகவே முதல் விதி: வெட்டாமல், துளையிடாமல், சுரண்டாமல் உட்காரும் கருவியே உங்கள் கருவி. உட்காரவில்லை என்றால் வேறு கருவியைத் தேடுங்கள். அல்லது அடுத்த ஹெல்மெட் வாங்கும்வரை பொறுங்கள்.

காதுப் பள்ளம்

பொருத்தத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கரைப் பொறுத்தது. இன்று பரவலாக வரும் ஸ்பீக்கரின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். சில கருவிகளுக்கு 32 மில்லிமீட்டரில் சிறியதும், 45 மில்லிமீட்டரில் பெரியதும் உண்டு. பெரியதில் ஓசை கனமாக இருக்கும். ஆனால் இடம் வேண்டுமே! கடைக்குப் போகுமுன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் கன்னத் திண்டைக் கழற்றிப் பாருங்கள். காதுக்கு நேரே தெர்மாகோலில் வட்டமான பள்ளம் இருந்தால், நிறுவனமே ஸ்பீக்கருக்கு இடம் விட்டிருக்கிறது என்று பொருள். ஒரு அளவுகோலால் அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கருவியின் விவரத்தாளில் ஸ்பீக்கரின் தடிமனைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது, காது எங்கே இருக்கிறது என்பது. பள்ளம் சராசரித் தலைக்காக வைத்தது; உங்கள் காது அதற்குச் சற்று முன்னேயோ பின்னேயோ இருக்கலாம். ஸ்பீக்கரின் நடு, காதுத் துவாரத்துக்கு நேராக வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே பாட்டு பாதாளத்திலிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். நாம் ஒலியைக் கூட்டுவோம். தொல்லை அங்கே ஆரம்பிக்கும். எனக்கு ஒரு தையல்காரர் சொல்லிக்கொடுத்த வழி இது: காதுமடலின் விளிம்பில் தையல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றினால் உள்துணியில் காதின் தடம் விழும். அந்தத் தடத்தின் நடுவில் ஸ்பீக்கரை ஒட்டினேன். அதற்குமுன் ஒரு மாதம் சரியில்லாமல் இருந்த ஓசை, அன்று மாலையே தெளிந்தது.

ஸ்பீக்கர் காதைத் தொடாமல், ஆனால் நெருங்கி இருப்பதுதான் சரியான நிலை. தொட்டு அழுத்தினால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது; அரை மணியில் காது சுடும்; ஒரு மணியில் வலி தாங்காமல் வண்டியை ஓரங்கட்டுவோம். கடையில் மாட்டிப் பார்த்தது போதாது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ அரை மணி நேரம் ஹெல்மெட்டோடு இருந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடும், தோடு போடுகிறவர்கள் தோட்டோடும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பும் தோட்டின் திருகாணியும் ஸ்பீக்கருக்கும் தலைக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் பயணம் முழுக்க நரகம்தான். ஆழம் அதிகமான பள்ளத்துக்கு நேர்மாறான சிக்கல்: ஸ்பீக்கர் காதிலிருந்து விலகிப் போய்விடும். பெட்டியில் வரும் பஞ்சு வட்டுகளை அடியில் வைத்து முன்னே கொண்டுவரலாம்.

புது ஹெல்மெட்டின் திண்டுகள் சில வாரங்களில் தளரும். முதல் நாள் வைத்த இடம் மூன்றாவது மாதம் சரியாக இருக்காது. ஆகவே ஸ்பீக்கரைப் பசையால் நிரந்தரமாக ஒட்டாமல், பிரித்து ஒட்டும் வெல்க்ரோவையே நம்புங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சில ஹெல்மெட்டுகளில் விபத்தின்போது உதவிக்கு வருபவர் கன்னத் திண்டை நாடா பிடித்து உருவி எடுத்து, கழுத்து அசையாமல் ஹெல்மெட்டைக் கழற்றும் வசதி உண்டு. ஒயரைத் திண்டோடு தைத்தும் ஒட்டியும் வைத்தால் அந்த வசதியை நாமே பூட்டிவிடுகிறோம்.

வாய்க்கு முன் மைக்

மைக்கின் வடிவத்தை ஹெல்மெட்டின் வடிவமே முடிவு செய்கிறது. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியின் உட்புறம் ஒட்டும் பொத்தான் மைக். முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும், தாடையை மேலே தூக்கும் மாடுலர் ஹெல்மெட்டுக்கும் தண்டு வைத்த மைக். பெரும்பாலான நல்ல பெட்டிகளில் இரண்டும் இருக்கும். விலை குறைந்தவற்றில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முழு ஹெல்மெட்டுக்குள் தண்டு மைக்கைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மோதும் வேளையில் முகத்துக்கு முன்னால் ஒரு கம்பி நிற்பது நல்லதல்ல.

மைக்கின்மேல் உள்ள பஞ்சு உறையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். காற்றின் இரைச்சலை முதலில் தடுப்பது அதுதான். பஞ்சு வாயின் ஓரத்தில், உதட்டைத் தொடாமல் நிற்கட்டும். மைக்கில் வெள்ளைப் புள்ளியோ அம்புக்குறியோ இருந்தால் அது வாயைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்து நண்பர் "ஒரே காத்துச் சத்தமா இருக்கு" என்றால், பெரும்பாலும் மைக் திரும்பிப் போயிருக்கும், அல்லது பஞ்சு பிய்ந்திருக்கும். தாடைக்குக் கீழே கட்டும் துணித்திரை இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். கீழிருந்து சுழன்று ஏறும் காற்று அடங்கும்.

வெளிப்புறப் பெட்டி

பொத்தான்களும் மின்கலமும் உள்ள பெட்டியை ஹெல்மெட்டின் இடப்பக்கம் வைப்பதுதான் வழக்கம். வலக்கை ஆக்ஸிலரேட்டரை விட்டு வர முடியாது. இடக்கைதான் கிளட்சை விட்ட பிறகு ஒரு கணம் மேலே வர முடியும். பெட்டியைப் பொருத்த இரண்டு வழிகள். ஒன்று, ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே ஒரு தகட்டைச் செருகித் திருகும் க்ளாம்ப். மற்றது, ஓட்டின்மேல் ஒட்டும் தட்டு.

க்ளாம்புக்கு ஓட்டின் கீழ்விளிம்பில் சிறு இடைவெளி வேண்டும். சில ஹெல்மெட்டுகளில் அந்த விளிம்பை ரப்பர் பட்டை முழுக்க மூடியிருக்கும். சிலவற்றில் உள்துணி விளிம்போடு சேர்த்து ஒட்டியிருக்கும். அங்கே தகட்டை நெம்பிச் செருகினால் தெர்மாகோல் ஓட்டிலிருந்து பிரியும். இன்னொரு சிக்கலைப் பலர் வாங்கிய பிறகே கண்டுகொள்கிறார்கள். உள்ளே கறுப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட்டுகளில் பலவற்றுக்கு, அதை இறக்கும் நெம்புகோல் இடப்பக்கக் கீழ்விளிம்பில்தான் இருக்கிறது. பெட்டி உட்கார வேண்டிய இடமும் அதுவேதான். இரண்டில் ஒன்றுதான் அங்கே இருக்க முடியும். மாடுலர் ஹெல்மெட்டில் தாடை மேலேறும்போது பெட்டியில் இடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒட்டும் தட்டுக்கு வழவழப்பான, வளைவு குறைந்த இடம் வேண்டும். இடத்தைச் சுத்தம் செய்ய பெட்டியில் வரும் ஈரத்துணியோ, மென்மையான சோப்புத் தண்ணீரோ போதும். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட் ஓடு அவை பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனமாகும். ஒட்டியபின் ஒரு நாள் விட்டுவிடுங்கள். அன்றே மழையில் ஓட்டினால் பெட்டி எங்கோ சாலையில் உருண்டு கிடக்கும்.

சில ஹெல்மெட் நிறுவனங்கள் இந்தத் தொல்லையே இல்லாமல் தங்கள் ஹெல்மெட்டுக்கென்று அளவெடுத்த கருவிகளை வெளியிடுகின்றன. ஷோயியின் நியோடெக் வரிசைக்கும், ஷூபெர்த்தின் சி4, சி5 மாடல்களுக்கும், எச்ஜேசியின் பல மாடல்களுக்கும் இப்படிப்பட்டவை உண்டு. பெட்டி ஓட்டின் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். ஒயர் வெளியே தெரியாது. பொருத்தம் என்று பார்த்தால் இதற்கு மேல் இல்லை. ஆனால் ஹெல்மெட்டை மாற்றும் நாளில் கருவியையும் மாற்ற வேண்டியிருக்கும். ஹெல்மெட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம் என்பதால், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பொதுவான கருவியில் தட்டும் ஸ்பீக்கரும் மட்டும் தனியாகக் கிடைக்கும். இரண்டு ஹெல்மெட் வைத்திருப்பவருக்கு அது வசதி.

யாரோடு பேசப் போகிறீர்கள்

பொருத்தம் முடிந்த பிறகுதான் தொழில்நுட்பம். யாரோடு பேசுவதற்காக வாங்குகிறோம் என்பதற்கு நேர்மையான பதில் கிடைத்தால் பாதிப் பணம் மிச்சமாகும்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியோடு மட்டும் பேசவா? உங்கள் இருவர் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான். எளிய ப்ளூடூத் இன்டர்காம் தாராளம். தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ என்று வைத்திருந்த எங்கள் பாஷை போய், "டீ குடிக்கலாமா?" என்று சாதாரணக் குரலில் கேட்கிற நிலை வந்தது. அந்தச் சந்தோஷத்துக்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை.

நான்கைந்து பேர் சேர்ந்து போகும் நண்பர் கூட்டமா? அங்கே ப்ளூடூத்துக்கும் மெஷ்ஷுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. ப்ளூடூத் இன்டர்காமில் ஓட்டுநர்கள் ஒருவரோடு ஒருவர் சங்கிலியாகக் கோக்கப்படுகிறார்கள். நடுவில் ஒருவர் பெட்ரோல் போட நின்றால் சங்கிலி அறுந்துவிடும். முன்னே போனவர்களும் பின்னே இருப்பவர்களும் துண்டுபட்டுப் போவார்கள். மெஷ் வலைபோல வேலை செய்கிறது. ஒவ்வொரு கருவியும் அஞ்சல் நிலையமாகி, ஒருவர் விலகினாலும் வேறு வழியாகச் செய்தி போகும். திரும்பி வந்தவர் தானாகச் சேர்ந்துகொள்வார். கார்டோ நிறுவனத்தின் மெஷ்ஷில் 15 பேர் வரை பேசலாம். சேனாவின் குழு மெஷ்ஷில் 24 பேர் வரை. பெங்களூரில் இயங்கும் ப்ளூஆர்மர் நிறுவனமும் இந்தியாவில் மெஷ் கருவிகளை விற்கிறது.

தூரத்தைப் பற்றி ஒரு சொல். பெட்டியின்மேல் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருப்பது, ஒருவரையொருவர் மறைப்பின்றிப் பார்க்கும் வெட்டவெளிக்கு. இந்தக் கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நேர்க்கோட்டை விரும்புவது. மலையும் கட்டடமும் அதை மறிக்கும். ஈரம் தங்கிய அடர்ந்த மரங்கள் உறிஞ்சும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இதை நன்றாக உணர்ந்தேன். நண்பர் இரண்டு வளைவு முன்னே போனார். நடுவில் மலையின் விலா நின்றது. குரல் அறுந்து அறுந்து வந்தது. மூன்றாவது வண்டி நடுவில் சேர்ந்ததும் தெளிந்தது. அப்போது ஹெல்மெட்டுக்குள் முன்னே போன நண்பரின் குரல் கேட்டது: "வளைவுல பஸ்ஸு வருது, எடது பக்கம் ஒதுங்கு." நான் ஒதுங்கிய இரண்டாவது நொடியில், வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு பேருந்து இறங்கியது. இன்டர்காமின் உண்மையான பயன் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

வெவ்வேறு நிறுவனங்களின் மெஷ் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாது. நண்பர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பெட்டியில் 'யுனிவர்சல் இன்டர்காம்' என்று இருந்தால் ப்ளூடூத் வழியாக ஒருவாறு இணைக்கலாம். ஆனால் பெரும்பாலும் மற்றக் கருவியை ஒரு கைபேசி என்று நினைக்கவைத்துத்தான் அது இணைகிறது. ஓசைத் தரம் குறையும், நம் கைபேசி இணைப்பு ஒன்று பறிபோகும்.

தனியாக ஓட்டுகிறவருக்கு வழிகாட்டும் வரைபடக் குரலும் அவசர அழைப்பும் போதும். இங்கே உணவும் பொட்டலமும் கொண்டுசெல்லும் தோழர்களை நினைக்கிறேன். கைபேசியைக் கன்னத்துக்கும் திண்டுக்கும் நடுவே செருகிக்கொண்டு பேசிப் போகும் காட்சியை எந்தச் சிக்னலிலும் பார்க்கலாம். விழுந்தால் அந்தக் கண்ணாடிப் பலகை முகத்தில்தான் உடையும். வாடிக்கையாளர் அழைப்பை எடுக்காவிட்டால் அன்றைய வருமானத்தில் அடி விழும் என்பது அவர்கள் நெருக்கடி. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எளிய ஹெட்செட் ஒன்று, வரைபடக் குரலைக் காதுக்குக் கொண்டுவந்து கண்ணைச் சாலையில் நிறுத்தும். அழைப்பு வந்தால் ஓரங்கட்டி நின்று எடுக்கலாம். அதை அவர்கள் கையில் சேர்ப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று நான் நம்புகிறேன்.

இரைச்சலும் காதும்

வேகம் கூடக் கூட ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஓசை பெருகும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 90 டெசிபலைத் தாண்டும். பணியிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்குக் கால் மணி. இந்த இரைச்சலுக்கு மேலே பாட்டையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கெட்டுப்போன கேள்திறன் திரும்ப வராது.

இதற்குத் தீர்வும் பொருத்தத்தில்தான் இருக்கிறது. இரைச்சலின் பெரும்பகுதி ஹெல்மெட்டின் அடியிலிருந்து, கழுத்தைச் சுற்றி நுழைகிறது. ஒயரை மடித்துத் திணித்ததால் திண்டு எழும்பி நின்றால், அந்த இடைவெளி வழியே காற்று ஊளையிடும். ஒயரைத் திண்டின் பின்னால் தட்டையாகப் பரப்பி வைத்துவிட்டால் அதே ஹெல்மெட் அமைதியாகும். நீண்ட பயணத்தில் மென்மையான காதடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது. காற்றின் ஓசை தாழும். ஸ்பீக்கரின் குரல் அதற்குமேல் தெளிவாகவே வரும். ஒலியை ஏற்றும் தேவை குறையும். ஹாரனும் கேட்க வேண்டும் என்பதை மறக்காமல் அளவோடு வையுங்கள். நம் சாலைகளில் ஹாரன்தான் பாதி மொழி.

வெயில், மழை, மின்கலம்

நம் ஊருக்கு இரண்டு எதிரிகள்: மழையும் வெயிலும். மழைக்கு ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபி67 என்றால் தூசி நுழையாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் ஓட்ட அது போதாது. சார்ஜ் துவாரத்தின் ரப்பர் மூடியை அழுத்தி மூடாவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

வெயில் இன்னும் மோசம். உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம். சித்திரை வெயிலில் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகும் பழக்கம் அதன் ஆயுளைக் குறைக்கும். சூடாக இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள். நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். பெட்டியை எளிதில் கழற்றி எடுக்கும் வகையாக இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். திருட்டுப் பயமும் குறையும்.

சட்டமும் கவனமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தரமான ஹெல்மெட் அணியக் கட்டளையிடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 184-ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்த்திருக்கிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழியறிய மட்டும் அத்தகைய கருவியை அனுமதித்தது. ஹெல்மெட்டில் பொருத்திய ஹெட்செட் கையில் பிடிப்பதல்ல. ஆனாலும் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் எப்படிப் பார்ப்பார் என்பது இடத்துக்கு இடம் மாறும். மரியாதையாக நிறுத்தி, என்ன கருவி என்று விளக்குங்கள்.

சட்டம் விட்டாலும் மூளை விடாது. கை சும்மா இருந்தால் கவனம் சிதறாது என்று நினைக்கக் கூடாது. யூட்டா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் 2001-லிருந்து ஓட்டுநர் பாவனைக் கருவிகளில் நடத்திய ஆய்வுகள், கையில் பிடித்துப் பேசினாலும் கையின்றிப் பேசினாலும் கைபேசிப் பேச்சு ஓட்டுபவரின் கவனத்தை ஒரே மாதிரி குலைக்கிறது என்று காட்டின. கண் சாலையைப் பார்க்கும், மனம் பார்க்காது. அதே குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வண்டியில் கூட இருப்பவரோடு பேசும் பேச்சு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. கூட இருப்பவருக்கும் சாலை தெரிகிறது; நெரிசல் வந்தால் அவரே பேச்சை நிறுத்துகிறார், "பார்த்து" என்கிறார்.

இந்தக் கண்டுபிடிப்பு ஹெட்செட் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. பின்னால் இருப்பவரும், அதே சாலையில் வரும் நண்பரும் நம்மோடு சாலையைப் பகிர்பவர்கள். அலுவலகத்திலிருந்து அழைப்பவருக்கு நாம் கொண்டை ஊசி வளைவில் இருக்கிறோமா, டேங்கர் லாரியின் பின்னால் இருக்கிறோமா என்று தெரியாது. நான் என் கருவியில் தொலைபேசி அழைப்பைத் தானாக எடுக்கும் வசதியை நிறுத்திவைத்திருக்கிறேன். முக்கியமானவர் என்றால் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்திக் கூப்பிடுகிறேன்.

வரிசை

தேர்வை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தலைக்கு இறுக்கமாக, வலிக்காமல் பொருந்தும் ஐஎஸ்ஐ ஹெல்மெட். அடுத்து அதன் காதுப் பள்ளம், கீழ்விளிம்பு, நெம்புகோல் இருக்கும் இடம், தாடை அமைப்பு இவற்றைப் பார்த்துக் குறித்த ஒரு துண்டுச் சீட்டு. அதன்பின் யாரோடு பேசப் போகிறோம் என்ற கேள்வி. கடைசியில்தான் நிறுவனமும் விலையும். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அன்று கடையில் விட்டுவந்த பணத்துக்காக நான் வருந்தவில்லை. சில மாதங்கள் கழித்து, காதுக்குப் பள்ளம் உள்ள ஹெல்மெட்டைத் தேடி வாங்கி, அதற்கேற்ற கருவியை நானே வீட்டில் பூட்டினேன். பிளேடு தேவைப்படவில்லை. கொல்லிமலை வளைவில் அந்தக் குரல் என் காதுக்கு வந்தபோது, தெர்மாகோல் முழுதாக என் தலையைச் சுற்றி இருந்தது.